லோன்ல ஏமாத்திட்டாங்களா? எங்க போகணும், என்ன எழுதணும்

லோன் கம்பெனி மேல புகார் குடுத்தேன், ஒண்ணுமே நடக்கலங்கன்னு சொல்றவங்கள விசாரிச்சு பாத்தா முக்காவாசி ரெண்டே காரணம் தான் இருக்கும். ஒண்ணு, ஆர்.பி.ஐ.க்கு போக வேண்டியது போலீஸ் ஸ்டேஷனுக்கு போயிருக்கும், போலீஸுக்கு போக வேண்டியது ஆர்.பி.ஐ.க்கு போயிருக்கும். ரெண்டாவது, நாலு பக்கத்துக்கு மனக்கஷ்டத்த எழுதியிருப்பாங்க, ஆனா எந்த தேதியில எவ்வளவு புடிச்சாங்கன்னு ஒரு வரி இருக்காது. கடன் குடுக்குறவன கேள்வி கேக்குற அதிகாரம் நம்ம நாட்டுல ஒரே ஆபீஸ்ல இல்ல, பணம் குடுத்தது யாருங்கிறத பொறுத்து பிரிஞ்சு கிடக்கு. அதனால கோவத்த கொஞ்சம் ஓரமா வச்சுட்டு மொதல்ல உங்களுக்கு கடன் குடுத்தது யாருன்னு கண்டுபுடிங்க.

யாருன்னு தெரியாமயா வாங்குனோம்னு கேப்பீங்க. ஆப் பேரு ஒண்ணா இருக்கும், அதுக்கு பின்னாடி பணம் போட்ட ஃபைனான்ஸ் கம்பெனி வேற ஒண்ணா இருக்கும், ஃபோன்ல மெரட்டுறவன் மூணாவதா ஒரு கலெக்‌ஷன் ஏஜென்ஸில சம்பளம் வாங்குறவனா இருப்பான். ஆர்.பி.ஐ. கணக்குல இதுல கடன் குடுத்தவன் நடுவுல இருக்குற அந்த கம்பெனி தான், ஆப் வெறும் புரோக்கர் மாதிரி. ஆப் பண்ற தப்புக்கும் ஏஜென்ட் பண்ற தப்புக்கும் அந்த கம்பெனி தான் பதில் சொல்லணும். பேர கண்டுபுடிக்க லோன் அக்ரிமென்ட்ட பாருங்க, கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு வட்டி, கட்டணம் எல்லாத்தையும் சுருக்கி ஒரு ரெண்டு மூணு பக்கம் குடுத்திருப்பாங்க அத பாருங்க, அதுவும் இல்லன்னா உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்ல லோன் பணம் எந்த பேர்ல இருந்து ஏறியிருக்குன்னு பாருங்க. அந்த பேர ஆர்.பி.ஐ. சைட்ல இருக்குற பதிவு பெற்ற என்.பி.எஃப்.சி. (பேங்க் இல்லாத ஃபைனான்ஸ் கம்பெனி) லிஸ்ட்ல தேடுங்க, பக்கத்துலயே பதிவு ரத்தான கம்பெனிங்க லிஸ்ட்டும் இருக்கும், அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க. 2025 ஜூலை 1-ல இருந்து லோன் ஆப்களுக்கே தனியா ஒரு பட்டியல ஆர்.பி.ஐ. போட்டிருக்கு, எந்த ஆப் எந்த கம்பெனிக்காக வேலை செய்யுதுன்னு அதுல தெரியும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, அந்த பட்டியல்ல இருக்குறதெல்லாம் ஆர்.பி.ஐ. நல்ல ஆப்னு சர்டிஃபிகேட் குடுத்தது கிடையாது, கம்பெனிங்க குடுத்த விவரத்த அப்படியே போட்டிருக்காங்க. ஆனா கம்பெனி பேரே கிடைக்கல, இல்ல கிடைச்ச பேர் எந்த லிஸ்ட்லயும் இல்லன்னா உங்க பிரச்சனை வேற ரகம், அதுக்கு கீழ தனியா வர்றேன்.

பேர் கிடைச்சாச்சு, லிஸ்ட்லயும் இருக்குன்னு வைங்க. அடுத்தது கணக்கு. இங்க தான் நம்ம ஆளுங்க சறுக்குறது. "வட்டி ரொம்ப அதிகம் சார்"னு எழுதுனா அந்த புகார் நிக்காது, ஏன்னா என்.பி.எஃப்.சி.க்கு இவ்வளவு தான் வட்டின்னு ஆர்.பி.ஐ. உச்சவரம்பு எதுவும் வைக்கல, அது கம்பெனி போர்டு முடிவு பண்றது. ஆனா "சொன்னது ஒண்ணு, புடிச்சது ஒண்ணு"ன்னு காட்டுனா நிக்கும். அதனால சொன்னது எவ்வளவு புடிச்சது எவ்வளவுன்னு நீங்களே போட்டு பாக்கணும்.

ஒரு உதாரணம் போடுறேன். 10,000 ரூபா லோன், மாசம் 2 வட்டி தான்னு சொல்லி 6 மாசத்துக்கு குடுக்குறாங்க. 2 வட்டின்னா வருஷத்துக்கு 24 சதவீதம், பரவாயில்லன்னு தோணும். ஆனா ப்ராசஸிங் ஃபீஸ் 1,000, அதுக்கு ஜி.எஸ்.டி. 180, போக கையில வர்றது 8,820 தான். வட்டிய முழு 10,000-க்கும் 6 மாசத்துக்கும் சேத்து 1,200-ன்னு போட்டு, மாச டியூ 1,867-ன்னு வாங்குறாங்க. நீங்க மாசாமாசம் அசல் திருப்பி கட்டிட்டு தான் வர்றீங்க, ஆனா வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு தொகைக்கு ஓடுது. இத கூகுள் ஷீட்ல ரேட்ங்கிற ஃபார்முலால போட்டு பாருங்க: தவணை எண்ணிக்கை 6, தவணை தொகை மைனஸ் 1,867, கையில வந்தது 8,820, வர்ற விடைய 12-ஆல பெருக்குங்க. 87 சதவீதம் வரும். 24-ன்னு சொன்னது 87! ஏ.பி.ஆர்.னு சொல்றாங்களே, வருஷ மொத்த செலவு விகிதம், அது இது தான். கம்பெனி குடுத்த கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்ல ஏ.பி.ஆர். என்ன போட்டிருக்குன்னு பாருங்க, 87-ன்னே போட்டிருந்தா அவங்க மறைக்கல, நாம பாக்காம கையெழுத்து போட்டிருக்கோம். 24-ன்னு போட்டிருந்தா மாட்டுனாங்க.

இந்த ஸ்டேட்மென்ட் குடுக்கலன்னாலே அது தப்பு. 2024 ஏப்ரல் 15-ல ஆர்.பி.ஐ. ஒரு சர்க்குலர் போட்டு, அந்த வருஷம் அக்டோபர் 1-ல இருந்து வர்ற எல்லா சில்லறை கடனுக்கும் சின்ன தொழில் கடனுக்கும் இத கட்டாயம் ஆக்கிட்டாங்க, அதுவும் கடன் வாங்குறவருக்கு புரியுற மொழியில இருக்கணும். தமிழ் மட்டும் தெரிஞ்ச அம்மாகிட்ட இங்கிலீஷ் பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருந்தா அதையே ஒரு பாயிண்டா எழுதலாம். இந்த பேப்பர்ல இல்லாத எந்த சார்ஜையும் உங்க சம்மதம் இல்லாம பின்னாடி புடிக்க கூடாது. பேங்க் ஸ்டேட்மென்ட்ட ஒரு பக்கம் இந்த பேப்பர ஒரு பக்கம் வச்சு வரிக்கு வரி டிக் போடுங்க, டிக் விழாத வரி எல்லாம் உங்க புகார்.

அப்படி டிக் போடும்போது எதெல்லாம் பாக்கணும்னா, லோன் சாங்ஷன் ஆன தேதியில இருந்து வட்டி போட்டிருக்காங்களா இல்ல பணம் உங்க கைக்கு வந்த தேதியில இருந்தான்னு பாருங்க. மாசக்கடைசியில பணம் குடுத்துட்டு முழு மாச வட்டியும் வாங்குறது, ஒண்ணு ரெண்டு டியூவ முன்னாடியே புடிச்சுக்கிட்டு முழு தொகைக்கும் வட்டி போடுறது, இதெல்லாம் 2024 ஏப்ரல் 29-ல ஆர்.பி.ஐ. பேர் சொல்லாம கம்பெனிகள திட்டி, அதிகமா வாங்குனத திருப்பி குடுங்கன்னு சொன்ன விஷயங்க. டியூ லேட்டானா அபராத வட்டின்னு வட்டி விகிதத்தையே ஏத்துறது முடியாது, 2024 ஏப்ரல்ல இருந்து வர்ற புது கடன்ல அபராத கட்டணம்னு தனியா தான் வாங்கலாம், அந்த கட்டணத்து மேல திரும்ப வட்டி போட கூடாது. அதுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாதுன்னு ஜி.எஸ்.டி. கவுன்சில் 2024 டிசம்பர்ல தெளிவா சொல்லிடுச்சு, ஆனாலும் போட்டிருந்தா சின்ன தொகைதானேன்னு விடாதீங்க, எழுத்துல தெரியுற தப்புக்கு இருக்குற வலு தனி. அப்புறம் இன்ஷூரன்ஸ். கேக்காமலே சேத்து விட்டிருப்பாங்க, பிரீமியம் லோன்லயே கழிஞ்சிருக்கும், கேட்டா அது கம்பல்சரிம்பாங்க, அந்த பேப்பர்ல அது எப்படி காட்டியிருக்குன்னு பாருங்க.

ஆப் மூலமா வாங்குன லோன்னா இன்னும் சில விஷயம் சேரும். பணம் நேரா உங்க அக்கவுன்ட்டுக்கு தான் வரணும், நீங்க கட்டுறதும் நேரா கம்பெனி அக்கவுன்ட்டுக்கு தான் போகணும், நடுவுல ஆப்காரன் அக்கவுன்ட்டோ ஏஜென்ட்டோட யு.பி.ஐ.யோ வரவே கூடாது. காண்டாக்ட் லிஸ்ட், கால் லாக், கேலரி எதையும் தொட கூடாது, கேமரா லொகேஷன் மட்டும் கே.ஒய்.சி.க்காக ஒரு தடவ, உங்க சம்மதத்தோட. உங்கள கேக்காம கடன் லிமிட்ட ஏத்த கூடாது. வாங்குன உடனே வேண்டாம்னு தோணுனா குறைஞ்சது ஒரு நாளாவது கூலிங் ஆஃப் டைம் தரணும், அதுக்குள்ள அசலையும் அத்தன நாளுக்கான செலவையும் கட்டிட்டு வெளிய வந்துடலாம், அபராதம் கிடையாது, பேப்பர்ல மொதல்லயே காட்டியிருந்தா நியாயமான ப்ராசஸிங் ஃபீஸ மட்டும் அவங்க எடுத்துக்கலாம். இதெல்லாம் 2022 செப்டம்பர்ல கைட்லைன்ஸா வந்து 2025 மே 8-ல டைரக்‌ஷன்ஸா இறுகுனது.

இப்ப லெட்டர். மொதல் லெட்டர் கம்பெனிக்கே தான், இத விட்டுட்டு நேரா ஆர்.பி.ஐ.க்கு போனா திருப்பி அனுப்பிடுவாங்க. கஸ்டமர் கேர்ல ஃபோன்ல கத்துனது கணக்குல வராது, எழுத்துல இருக்கணும். அவங்க சைட்ல கிரீவன்ஸ் ஆபீசர்னு ஒரு மெயில் ஐ.டி. கட்டாயம் இருக்கும், அதுக்கு அனுப்புங்க, முடிஞ்சா ஸ்பீட் போஸ்ட்லயும் ஒண்ணு போடுங்க. ரொம்ப சிம்பிளா எழுதுங்க, இந்த மாதிரி:

"என் லோன் நம்பர் இது. இந்த தேதியில 10,000 ரூபாய்க்கு கடன் ஒப்பந்தம் ஆனது, என் கணக்கில் 8,820 ரூபாய் வந்தது. கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்டில் ஏ.பி.ஆர். 24 சதவீதம் என்று உள்ளது, என் கணக்குப்படி 87 சதவீதம். ஸ்டேட்மென்டில் இல்லாத இந்தந்த கட்டணங்கள் இந்தந்த தேதிகளில் பிடிக்கப்பட்டுள்ளன. இவற்றை திருப்பித் தரவும், சரியான கணக்கு விவரம் அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவு தான். உங்க குடும்ப கஷ்டம், வேலை போனது, உடம்பு சரியில்லாதது எல்லாம் உண்மையா இருக்கலாம், ஆனா அத படிக்கிறவருக்கு அதுல முடிவெடுக்க ஒண்ணும் இல்ல. அந்த லெட்டர் அனுப்புன தேதிய குறிச்சு வைங்க, 30 நாள்.

30 நாள்ல பதில் வரலன்னாலும், வந்த பதில் மழுப்பலா இருந்தாலும் அடுத்தது ஆர்.பி.ஐ. ஆம்பட்ஸ்மன், அதாவது இந்த மாதிரி புகார விசாரிச்சு முடிவு சொல்ற அதிகாரி. சி.எம்.எஸ்.னு ஒரு போர்ட்டல் இருக்கு, ஆர்.பி.ஐ. சைட்லயே லிங்க் கிடைக்கும், காசு எதுவும் கிடையாது, வக்கீலும் தேவையில்ல, சொல்லப்போனா வக்கீல் மூலமா குடுத்தா எடுத்துக்கவே மாட்டாங்க. ஆன்லைன் வராதவங்க தபால்ல சண்டிகர்ல செக்டார் 17-ல இருக்குற ஆர்.பி.ஐ. மையத்துக்கு அனுப்பலாம், பின்கோடு 160017. எப்படி நிரப்புறதுன்னு சந்தேகம்னா 14448-க்கு கூப்புடுங்க, டோல் ஃப்ரீ, தமிழ்லயும் பேசுவாங்க. கம்பெனிக்கு போட்ட லெட்டர், அவங்க பதில் வந்திருந்தா அது, கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட், பேங்க் ஸ்டேட்மென்ட்ல சம்பந்தப்பட்ட பக்கம், இந்த நாலையும் ஒழுங்கா பேர் வச்சு ஏத்துங்க. அதே விஷயத்துக்கு கோர்ட்ல கேஸ் போட்டிருந்தா இங்க எடுக்க மாட்டாங்க, அதனால எதுன்னு முடிவு பண்ணிட்டு இறங்குங்க. இதுக்கும் காலக்கெடு இருக்கு, கம்பெனி பதில் வந்ததுக்கப்புறம் மாசக்கணக்கா தூக்கி போட்டு வைக்காதீங்க. உங்களுக்கு கடன் குடுத்த கம்பெனி 100 கோடி சொத்துக்கு கீழ உள்ள சின்ன என்.பி.எஃப்.சி.ன்னா ஆம்பட்ஸ்மன் திட்டத்துல வராது, அப்ப அதே போர்ட்டல்ல இருந்து ஆர்.பி.ஐ.யோட நுகர்வோர் பிரிவுக்கு போகும், நீங்க பண்ற வேலை ஒண்ணு தான்.

ஒண்ண தெளிவா சொல்லிடுறேன், புகார் போட்டதும் டியூ நிக்காது. சண்டை இல்லாத தொகைய கட்டிக்கிட்டே வாங்க, இல்லன்னா சிபில் ஸ்கோர் அடி வாங்கும், கம்பெனியும் "இவர் கட்டாம இருக்கத்தான் புகார் பண்றார்"னு ஒரே வரியில பதில் எழுதிடும்.

இதெல்லாம் பண்ணி என்ன ஆகப்போகுதுன்னு ஒரு சலிப்பு இருக்கும், எனக்கும் புரியுது. ஆனா ஆர்.பி.ஐ. கடிக்கும்போது நல்லாவே கடிக்கும். கேஷ்பீன்னு ஒரு ஆப் நடத்துன பி.சி. ஃபைனான்ஷியல் சர்வீசஸ் கம்பெனியோட பதிவையே 2022 பிப்ரவரியில ரத்து பண்ணாங்க, கண்ணுக்கு தெரியாத மாதிரி கட்டணமும் அநியாய வட்டியும் வாங்குனதோட, வசூலுக்கு ஆர்.பி.ஐ. லோகோவும் சி.பி.ஐ. லோகோவும் போட்டு மெரட்டியிருக்காங்க. 2024 அக்டோபர்ல நாலு என்.பி.எஃப்.சி.ய புது லோன் குடுக்க கூடாதுன்னு நிறுத்துனாங்க, அதுல ஒண்ணு சென்னையில தலைமை ஆபீஸ் வச்சிருக்குற ஆசீர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸ், மத்தது ஆரோஹன், டி.எம்.ஐ., நாவி. வட்டிக்கு உச்சவரம்பு இல்லன்னு மேல சொன்னேன்ல, அப்படி இருந்தும் நீங்க வாங்குற மார்ஜின் அளவுக்கு மீறுதுன்னு சொல்லி தான் இந்த தடை. அவங்க முறைய சரி பண்ணதா ஆர்.பி.ஐ. ஒத்துக்கிட்டதுக்கப்புறம் தான் அந்த டிசம்பர்லயும் அடுத்த ஜனவரியிலயும் தடை விலகுச்சு.

குழு லோனுக்கு வர்றேன், ஏன்னா நம்ம ஊர்ல ஆப்ப விட இது தான் பெரிய தலைவலி. மகளிர் குழுன்னு பத்து பேர சேத்து சென்டர் மீட்டிங் வச்சு குடுக்குறாங்களே, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3 லட்சம் வரைக்கும் உள்ளவங்களுக்கு அடமானம் இல்லாம குடுக்குற அந்த கடனுக்கு 2022 மார்ச்ல தனி விதி வந்திருக்கு. வீட்டோட மாச வருமானத்துல பாதிக்கு மேல மொத்த டியூவுக்கு போகுற மாதிரி கடன் குடுக்க கூடாது. அப்ப ஒரே வீட்டுக்கு நாலு கம்பெனி எப்படி குடுத்துச்சுன்னு கேளுங்க, புகார்ல எழுதுங்க. முன்கூட்டியே கட்டி முடிச்சா அபராதம் கிடையாது, லேட் ஃபீஸ் கட்டாத தொகைக்கு மட்டும் தான், முழு லோனுக்கு இல்ல.

எங்க தெருவுல ஒரு அக்கா வீட்ல சாயங்காலம் ஆறரைக்கு கலெக்‌ஷன் பையன் வந்து திண்ணையில உக்காந்துடுவான், கட்டுனா தான் எந்திரிப்பேன்னு எட்டு எட்டரை வரைக்கும் இருப்பான், கூட குழுவுல இருக்குற ரெண்டு பொம்பளைங்களையும் கூட்டிட்டு வந்து நிப்பாட்டுவான், அவங்க இவங்கள திட்டுவாங்க. விதி என்னன்னா, வசூல் பண்ற எடம் ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ண பொது எடம் தான், அந்த எடத்துக்கு தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ நீங்க வராம இருந்தா தான் வீட்டுக்கோ வேலை செய்யுற எடத்துக்கோ வரலாம். இந்த கடனுக்கு சாயங்காலம் 6-க்கு மேல காலையில 9-க்கு முன்னாடி ஃபோன் பண்ணவே கூடாது, சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கவும் கூடாது (மத்த லோனுக்கு காலையில 8-ல இருந்து ராத்திரி 7 வரைக்கும்). சொந்தக்காரங்கள, கூட இருக்குறவங்கள மெரட்டுறதும் தப்பு. அந்த அக்கா மக செல்ஃபோன்ல டைம் தெரியுற மாதிரி வாசல்ல உக்காந்திருக்குறத ஃபோட்டோ எடுத்து, ஐ.டி. கார்டு காட்டுங்கன்னு கேட்டா, அவன் கார்ட காட்டாம எந்திரிச்சு போனான், அடுத்த வாரம் மேனேஜர் ஃபோன்ல கொஞ்சம் மரியாதையா பேசுனாரு. ஏஜென்ட் வந்தா ஐ.டி.யும், கம்பெனி குடுத்த அதிகார லெட்டரும் கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, கேளுங்க.

இனி பேர் தெரியாத ஆப். ஆர்.பி.ஐ. வச்ச ஒரு குழு 2021-ல தேடி பாத்தப்ப ஆண்ட்ராய்டுல கிடைக்குற சுமார் 1,100 லோன் ஆப்ல 600 சட்டவிரோதம்னு கண்டுபுடிச்சாங்க. 5,000 லோன்னு சொல்லி 3,000 அக்கவுன்ட்ல போட்டு ஏழே நாள்ல 5,000 கேப்பான், ஆறாவது நாளே உங்க காண்டாக்ட்ல இருக்குறவங்களுக்கு மார்ஃப் பண்ண ஃபோட்டோ போகும். இங்க கம்பெனிக்கு லெட்டர், 30 நாள், ஆம்பட்ஸ்மன் எதுவும் வேலைக்கு ஆகாது, கம்பெனியே இல்லையே. இது நேரா கிரைம். 1930-க்கு அடிங்க, தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல பதியுங்க, அதுக்கு முன்னாடி ஆப்ப டெலீட் பண்ணிடாதீங்க. ஆப் பேர், எந்த லிங்க்ல இறக்குனது, மெரட்டுன நம்பர், வாட்ஸ்அப் மெசேஜ், பணம் போன யு.பி.ஐ. ஐ.டி., யு.டி.ஆர். நம்பர் (பணம் அனுப்புனதுக்கான அடையாள நம்பர்) எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு ஃபோனுக்கு அனுப்பிட்டு, செட்டிங்ஸ்ல போய் காண்டாக்ட், கேலரி பர்மிஷன எல்லாம் பிடுங்கிட்டு, அப்புறம் டெலீட் பண்ணுங்க. காண்டாக்ட்ல இருக்குறவங்களுக்கு நீங்களே முந்திக்கிட்டு ஒரு மெசேஜ் போட்டுடுங்க, என் ஃபோட்டோவ வச்சு ஏமாத்துறாங்க, பணம் கேட்டா குடுக்காதீங்கன்னு. இது கூச்சமா இருக்கும் தான், ஆனா அவன் கையில இருக்குற ஒரே ஆயுதம் உங்க கூச்சம். ஒருத்தனுக்கு கட்ட இன்னொரு ஆப்ல வாங்குறது மட்டும் பண்ணவே பண்ணாதீங்க, ரெண்டும் ஒரே கும்பலா கூட இருக்கும். ஆர்.பி.ஐ.யோட சச்சேத் போர்ட்டல்லயும் ஒரு புகார் போட்டு வைங்க, பதிவில்லாத கம்பெனிங்கள பத்தின தகவல் மாநில அளவுல போலீஸ் வரைக்கும் போக அது தான் வழி.

ஸ்டேஷனுக்கு நேர்ல போறவங்களுக்கு: மனு குடுத்துட்டு சி.எஸ்.ஆர். ரசீது (மனுவ வாங்கிக்கிட்டதுக்கான அத்தாட்சி) வாங்காம வெளிய வராதீங்க. "இது சிவில் மேட்டர், நீங்க வாங்குனீங்க நீங்க கட்டணும்"னு சொல்லுவாங்க. வட்டி கணக்க நாங்க கேக்கல சார், மெரட்டி பணம் பறிக்கிறத பத்தி புகார் குடுக்குறோம்னு சொல்லுங்க, பி.என்.எஸ்.ல (இப்ப இருக்குற குற்றச் சட்டம்) மெரட்டி பறிக்கிறது பிரிவு 308, மெரட்டல் 351, அசிங்கமான படம் அனுப்பியிருந்தா ஐ.டி. சட்டம் 67. அப்பவும் வாங்கலன்னா எஸ்.பி. ஆபீஸ், சென்னை மாதிரி ஊர்ல கமிஷனர் ஆபீஸ், இல்லன்னா திங்கக்கிழமை கலெக்டர் மனுநாள்.

தண்டல்காரர், மீட்டர் வட்டி, ரன் வட்டி இதெல்லாம் தமிழ்நாட்டு 2003 கந்து வட்டி தடைச் சட்டத்துல வரும், 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அசலையும் நியாயமான வட்டியையும் கோர்ட்ல கட்டிட்டு கடன் முடிஞ்சதா அறிவிக்க கேக்குற வழியும் அதே சட்டத்துல இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது. இந்த சட்டத்த தூக்கிக்கிட்டு ஆர்.பி.ஐ. பதிவு பெற்ற ஃபைனான்ஸ் கம்பெனி மேல போனா பெருசா நிக்காது, மாநில வட்டிக்கடை சட்டங்க அவங்கள கட்டுப்படுத்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2022 மே மாசம் ஒரு கேரளா கேஸ்ல சொல்லிடுச்சு. அதான் மொதல்லயே யாரு குடுத்தாங்கன்னு பாக்க சொன்னது. 2025 ஏப்ரல்ல சட்டசபையில கட்டாய வசூல தடுக்க இன்னொரு சட்டமும் நிறைவேத்துனாங்க, பின்தொடர்றது, வீட்டு வாசல்ல நின்னு தொல்லை பண்றது, பொருள தூக்கிட்டு போறது இதுக்கெல்லாம் 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம். மனுல அதையும் குறிப்பிடுங்க.

எல்லாம் முடிஞ்சு லோனும் அடைச்சாச்சுன்னா நோ ட்யூ சர்டிஃபிகேட் வாங்குங்க. பத்திரம் வச்சு வாங்குனதுன்னா கட்டி முடிச்ச 30 நாள்ல திருப்பி குடுக்கணும், அவங்க தப்பால லேட்டானா நாளுக்கு 5,000 ரூபா உங்களுக்கு தரணும், கேக்காம தர மாட்டாங்க, கேளுங்க. ஒரு மாசம் கழிச்சு கிரெடிட் ரிப்போர்ட்ட எடுத்து பாருங்க, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க்னு நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஓசியில தரணும். அடைச்ச லோன் இன்னும் பாக்கின்னு இருந்தாலோ, வாங்காத லோன் உங்க பேர்ல இருந்தாலோ அந்த சைட்லயே டிஸ்ப்யூட் போடுங்க, 30 நாளுக்குள்ள சரி பண்ணலன்னா அதுக்கப்புறம் நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு.